சுக்கான் மேட்டில் ஆறடி

யோபு கல்லறைக் குழி வெட்டுகிறவராக ஆனது தற்செயலாகத்தான். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டுக்குப் போகும் சாலையில், மலைக்கோயில் கோபுரம் கட்டைவிரல் அளவுக்குத் தெரியும் தூரத்தில், மிஷன் காலனி இருக்கிறது. நூற்றிருபது வீடு, ஒரு சர்ச், ஒரு ரேஷன் கடை. சாலையைத் தாண்டி மேற்கே போனால் சுக்கான் மேடு. அதுதான் காலனியின் கல்லறைத் தோட்டம். அதுவரை அங்கே குழி வெட்டிக்கொண்டிருந்தவர் 2004இல் சென்னைக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். அவர் போன வாரமே காலனியில் ஒரு சாவு. மின்கம்பத்துக்குக் குழி எடுக்கும் காண்டிராக்ட் ஆட்களோடு வேலை செய்துகொண்டிருந்த யோபுவிடம் கடப்பாறை இருந்தது. "நீ வெட்டிடேன்" என்றார்கள். வெட்டினார். அப்புறம் அவர்தான் என்று ஆகிவிட்டது.

மேட்டின் மண் சாம்பல் நிறம். கையில் எடுத்தால் மாவு மாதிரி உதிரும். நடுநடுவே பட்டாணி அளவில் வெள்ளைக் கற்கள் கிடக்கும். பார்த்தால் நல்ல மண்தான். ஆனால் இரண்டடிக்கு மேல் கிடையாது. அதற்குக் கீழே சுக்கான். மேல்மண்ணில் இருக்கும் சுண்ணாம்பு எத்தனையோ காலம் மழையில் கரைந்து இறங்கி, வெயிலில் காய்ந்து, ஒரே பலகையாக இறுகிப்போன கல் அது. பாறை மாதிரிப் பிளக்காது, மண் மாதிரி வெட்டுப்படாது. கடப்பாறையை ஓங்கிப் போட்டால் ஒரு கைப்பிடி வெள்ளைத் தூள் வரும், தோள்பட்டை அதிரும். மூன்றடி தடிமன். அதையும் தாண்டிவிட்டால் மறுபடி மெத்தென்ற மண்தான். தாண்டுவதுதான் கஷ்டம். மேட்டில் இருக்கும் வேப்பமரம் எதற்கும் ஆணிவேர் கீழே போனதில்லை. ஒரு சூறைக்காற்றில் ஒரு மரம் சாய்ந்தபோது வேரெல்லாம் தட்டையாக, தோசைக்கல்லைத் தூக்கி நிறுத்தியது போல எழுந்து நின்றது. வேர்க்கடலை போட்டுப் பார்த்தவர்கள் உண்டு, இலை மஞ்சளடித்துப் போனதுதான் மிச்சம். எதுவும் விளையாத இடம் என்பதால்தான் அந்தக் காலத்தில் மிஷனுக்கு அதை விட்டுக்கொடுத்தார்கள். மிஷன் அதைச் செத்தவர்களுக்கு ஒதுக்கியது.

முதல் குழிக்கு யோபு காலை ஏழு மணிக்கு இறங்கினார். சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். எட்டரைக்குள் இரண்டடி ஆகிவிட்டது. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்தார். அதற்குப் பிறகு கடப்பாறை எகிற ஆரம்பித்தது. மதியம் சாப்பிடப் போகவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி உடைந்தது. மூன்று மணிக்கு அளந்து பார்த்தால் மூன்றரை அடி. அப்போது சர்ச் மணி அடித்துவிட்டது. சவம் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

அந்த அவசரத்தில் அவருக்கு ஒன்று தோன்றியது. வெட்டிப் போட்ட மண்ணை வாரி, குழியின் நாலு ஓரத்திலும் வரப்பு மாதிரி ஒன்றரை அடி உயரத்துக்கு ஏற்றி, மண்வெட்டியின் முதுகால் தட்டி வழவழப்பாக்கினார். சுற்றி நிற்பவர்களுக்கு அந்த விளிம்பிலிருந்து பார்த்தால் குழி ஐந்தடி ஆழம் தெரியும். காலனியார் ஐயர் என்று கூப்பிடும் அப்போதைய போதகர் எட்டிப் பார்த்து, "ஆழம் போதுமா யோபு?" என்றார். "அஞ்சடிக்கு மேலயே கீதுங்க ஐயரே" என்றார் யோபு. பாட்டுப் பாடினார்கள், ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள், போய்விட்டார்கள்.

அடுத்ததைச் சரியாக வெட்ட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தார். அடுத்ததும் மூன்றரையில் நின்றது. நாலாவது ஐந்தாவதுக்குப் பிறகு நினைப்பதையும் விட்டுவிட்டார். மேட்டில் கிழக்குக் கோடியில் மட்டும் சுக்கான் கொஞ்சம் மெல்லியதாக இருக்கும். அங்கே விழுந்த குழிகள் சரியான ஆழத்துக்குப் போயின. மற்றதெல்லாம் வரப்பு ஏற்றிய குழிகள்தான்.

மற்றபடி அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழி வெட்டும் நாளில் குடிக்க மாட்டார். கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பே போய் முள்செடி வெட்டி, சிலுவைகளுக்கு வெள்ளையடித்துவிடுவார். யார் எந்த வரிசையில் எத்தனையாவது என்று பெயர்ப்பலகை இல்லாமலே சொல்வார். 2011இல் அவர் மனைவி கிருபை மஞ்சள் காமாலையில் இறந்தபோதும் குழியை அவரேதான் வெட்டினார். ஒரே மகள் சாலோமியை ஆந்திர எல்லை தாண்டி நகரியில் கட்டிக்கொடுத்தார். அப்புறம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, காலையில் மின்கம்பக் குழிக்கும், யாராவது போனால் மேட்டுக்குமாக இருந்தார்.

2021 நவம்பரில் மழை விடாமல் பெய்தது. கல்லறைத் திருநாளுக்கு வைத்த சாமந்தி காய்வதற்குள் ஆரம்பித்தது, மூன்றாவது வாரத்தில் பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலமெல்லாம் மூழ்கியது. சுக்கான் மேட்டில் பெய்த தண்ணீர் இரண்டடி மண்ணை நனைத்துவிட்டு அதற்கு மேல் இறங்க வழியில்லாமல் நின்றது. தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி மேடு முழுக்க வெள்ளையாகத் தளும்பியது. மேற்கே சரிவான பக்கத்தில் முழங்கால் அளவு.

வெள்ளிக்கிழமை காலை மழை கொஞ்சம் விட்டபோது ப்ளெஸ்ஸி என்ற நர்ஸிங் படிக்கும் பெண் அப்பாவின் கல்லறை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனாள். அவள் அப்பா டேவிட்சன் அரக்கோணத்தில் ரயில்வே டிராக்மேனாக இருந்தவர். அந்த வருஷம் பிப்ரவரியில் வேலையிலேயே மாரடைப்பு வந்து இறந்தவர். கல்லறை இருந்த இடத்தில் மண் குழைந்து உள்வாங்கியிருந்தது. அதிலிருந்து சவப்பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் சாய்வாக மேலே எழும்பித் தண்ணீரில் நின்றது. ஒட்டியிருந்த துணி கிழிந்து தொங்கியது.

அவள் ஓடிவந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா தேவசுந்தரி ரேஷன் கடையில் விற்பனையாளர். கடையைத் திறந்து பாதி பேருக்கு அரிசி போட்டிருந்தார். அப்படியே பூட்டிவிட்டு வந்தார். அதற்குள் காலனியே மேட்டில் கூடிவிட்டது. பக்கத்தில் இன்னும் இரண்டு கல்லறைகளில் பெட்டியின் மூலை தெரிந்தது.

போதகர் ஜெயசீலன் இளைஞர், வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு, "இது இயற்கைச் சீற்றம். இப்படி ஒரு மழையை நாம யாரும் பார்த்ததில்ல. யாரும் மனசு ஒடிஞ்சு போக வேண்டாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆமாம், மழைதான். யாருக்கும் வேறு யோசனை வரவில்லை. கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் செய்தார்கள். அவர் வெள்ள நிவாரண வேலையில் எங்கோ இருந்தார், இன்றைக்குள் அடக்கம் செய்துவிடுங்கள் என்றார். தெரிந்த மூலைகளின் மேல் மண்மூட்டை அடுக்கினார்கள். டேவிட்சனின் பெட்டியை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் வாசல் பக்கத்துத் தகரக் கொட்டகையில் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். நாலு பேரில் ஒருவர் யோபு.

கிழக்குக் கோடியில் தண்ணீர் நிற்காத இடமாகப் பார்த்து யோபு புதுக் குழிக்குக் கோடு போட்டார். மெல்லிய சுக்கான் உள்ள பகுதியில் இடம் எப்போதோ தீர்ந்துவிட்டது. மேடான இடமாக மிச்சமிருந்தது அது ஒன்றுதான். பத்து மணி இருக்கும். மழைக்குப் பயந்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். போதகரும், தேவசுந்தரியும், ப்ளெஸ்ஸியும் மட்டும் நின்றார்கள்.

"அண்ணா," என்றார் தேவசுந்தரி. "இந்த வாட்டி இன்னும் கொஞ்சம் ஆழமா எடுங்க. ஆறடியில வெச்சதே மேல வந்துடுச்சி."

யோபு கடப்பாறையைப் போட்டார். எடுத்தார். மறுபடி போடவில்லை.

"ஆறடி இல்லம்மா" என்றார்.

"இன்னா சொல்றீங்க?"

"ஆறடியில வெச்சிருந்தா வந்திருக்காது. மூணே கால்தான். சுக்கான் வந்துச்சி, நேரமாயிடுச்சி. ஓரத்துல மண்ண ஏத்தி உங்களுக்கெல்லாம் ஆழமா காட்டிட்டேன்."

போதகர் சட்டென்று முன்னால் வந்தார். "யோபு, நீ களைப்பா இருக்க. இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"அப்பால சொல்றதுக்கு இன்னா இருக்குது ஐயரே. டேவிட்சன் ஒருத்தருக்கு மட்டும் இல்ல."

ப்ளெஸ்ஸி அம்மாவின் கையைப் பிடித்து, "வாம்மா, வீட்டுக்குப் போலாம். வேற ஆள் வெச்சி வெட்டிக்கலாம்" என்றாள்.

"வேற ஆளு எங்கடி இருக்கான்" என்றார் தேவசுந்தரி. பிறகு யோபுவைப் பார்த்து, "வெட்டுங்க. நான் இங்கயேதான் நிப்பேன்" என்றார்.

அன்றைக்கு அவர் ஏழு மணி நேரம் நின்றார். மழை இரண்டு முறை வந்து போனது. மேல்மண் சேறாகி விளிம்பிலிருந்து சரிந்துகொண்டே இருந்தது. சுக்கான் மட்டும் நனைந்தும் அசையவில்லை. யோபு இத்தனை வருஷத்தில் தட்டிப் பார்த்துப் பழகிய விரிசல்களில் சம்மட்டியால் உளியை இறக்கி, பிளந்த சில்லுகளைக் கூடையில் போட்டுத் தலைக்கு மேல் தூக்கி வெளியே கொட்டினார். குழிக்குள் ஊறிய தண்ணீர் பால் மாதிரி இருந்தது. அரை மணிக்கொருதரம் தேவசுந்தரி, "இப்ப எவ்ளோ?" என்று கேட்டார். "மூணரை." "இப்ப?" "நாலுக்குக் கொஞ்சம் கம்மி." ப்ளெஸ்ஸி மதியம் ஒரு பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தாள். அம்மாவுக்கு ஊற்றினாள். சிறிது நேரம் யோசித்துவிட்டு இன்னொரு டம்ளரில் ஊற்றிக் குழி ஓரத்தில் வைத்தாள்.

ஐந்து மணி வாக்கில் கடப்பாறை சத்தமில்லாமல் இறங்கியது. கீழ்மண் வந்துவிட்டது. அதில் இன்னும் ஓரடி எடுத்துவிட்டு யோபு ஏணி வழியாக மேலே வந்தார்.

தேவசுந்தரி செருப்பைக் கழற்றினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த ஏணியில் இறங்கினார். போதகர், "சிஸ்டர், வேண்டாம்" என்றார். அவர் கேட்கவில்லை. அடியில் போய் நிமிர்ந்து நின்றார். அவர் உயரம் ஐந்தடி. கையை உயர்த்தி, தலைக்கு மேல் இருக்கும் மண் மட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். ஓரத்தில் ஏற்றிய மண் இல்லை, வெறும் தரைமட்டம்தான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். மேலே நின்றவர்களுக்கு அவர் முகம் தெரியவில்லை.

மேலே வந்து, "கொண்டாங்க" என்றார். டேவிட்சனை இரண்டாம் முறையாக அடக்கம் செய்தார்கள்.

இந்த விஷயத்தை தேவசுந்தரி காலனியில் யாரிடமும் சொல்லவில்லை. ரேஷன் கடையில் இருப்பவர் அவர். எடையில் குறைக்கிறார், மூட்டையில் குறைக்கிறார் என்று செய்யாததற்கும் தினம் பேச்சு வாங்கிப் பழகியவர். செய்ததைத் தானாகச் சொன்ன ஒருவரைத் தெருவில் இழுத்துவிட அவருக்கு மனம் வரவில்லை என்று பின்னால் சொன்னார். கோபம் இல்லாமல் இல்லை. ஒன்பது மாதமாகத் தன் புருஷன் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு பூ வைத்துவிட்டு வந்தாரே, அது அவருக்குத் தாங்கவில்லை.

யோபு இரண்டு நாள் காத்திருந்தார். யாரும் தேடி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்புகள் படித்து முடித்ததும் கடைசி பெஞ்சில் எழுந்து நின்றார்.

"நான் வெட்டின குழி முப்பத்தெட்டு" என்றார். "அதுல இருபத்தொம்போது ஆழம் பத்தாது. யாரு யாருதுன்னு சொல்றேன்."

போதகர் உட்காரச் சொன்னார். யோபு வரிசை வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு பெயருக்கும் சர்ச்சில் ஒரு மூலையில் யாரோ அசைந்தார்கள். நடுவில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். இருபத்தொன்பதும் முடிந்த பிறகு, முன் வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த ஆசீர்வாதம் எழுந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. அவர் மனைவி மேரிப்புஷ்பத்தின் பெயர் பதினேழாவதாக வந்திருந்தது.

"கிருபை பேரை நீ சொல்லலியே" என்றார் ஆசீர்வாதம். "உன் பொண்டாட்டிய எத்தினி அடியில வெச்சே?"

யோபு தரையைப் பார்த்தார். "ஆறடி, மாமா."

ஆசீர்வாதம் கைத்தடியை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் சத்தம் எழுந்தது. ஒருவர் யோபுவின் சட்டையைப் பிடித்தார். போலீசுக்குப் போகலாம் என்றார்கள், எல்லாவற்றையும் தோண்டி மறுபடி அடக்கம் செய்ய வேண்டும் என்றார்கள், செத்தவர்களை எழுப்பக் கூடாது என்றார்கள். மதியம் இரண்டு மணி வரை பேசி, பழைய கல்லறைகளைத் தொடுவதில்லை, மூலை தெரிந்த இரண்டின் மேல் மட்டும் மண்ணடித்துக் கான்கிரீட் போட்டுவிடுவது என்று முடிவானது. யோபு இனிமேல் குழி வெட்டக் கூடாது.

சாலோமி நகரியிலிருந்து போன் செய்தாள். அவளுக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். "நைனா, நீ இன்னாத்துக்கு எழுந்து நின்னே? மழைன்னு எல்லாரும் நம்பிகினுதானே இருந்தாங்க" என்றாள்.

"அந்தம்மா ஆறடியில வெச்சதேன்னாங்க. அதைக் கேட்டுகினு சும்மா நிக்க முடியல" என்றார்.

டிசம்பர் முழுக்க அவர் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் மேட்டுக்கு வந்தார். குழி வெட்ட அல்ல. மேற்கே சரிவின் ஓரத்தில், கல்லறைகள் முடியும் இடத்தில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் எடுக்க ஆரம்பித்தார். சுக்கானை அறுத்துக் கீழ்மண் வரைக்கும் இறக்கிவிட்டால் மேட்டில் நிற்கும் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போய்விடும் என்பது அவர் கணக்கு. மின்கம்பக் குழியில் பலமுறை பார்த்திருக்கிறார். சுக்கானைத் தாண்டிய குழியில் தண்ணீர் தங்காது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறான் என்று சிலர் சிரித்தார்கள். மாதம் முடியும்போது ஏழடி நீளம் ஆகியிருந்தது. அறுபதடி வேண்டும்.

ஒரு நாள் தேவசுந்தரி கல்லறைக்குப் போய்த் திரும்பும்போது வாய்க்காலருகே நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "கிருபை அக்காவுக்கு மட்டும் எப்பிடி வெட்டுனீங்க?"

யோபு கடப்பாறையை ஊன்றிக்கொண்டார். "ரெண்டு நாள் வெட்டினேன். ஐஸ் பெட்டியில வெச்சிகினு, அடக்கம் நாளைக்குன்னு சொல்லிட்டேன்."

"மத்தவங்களுக்கும் ரெண்டு நாள் வேணும்னு கேட்டிருக்கலாமே. குடுத்திருக்க மாட்டோமா?"

"குடுத்திருப்பீங்க. அவளுக்கு எப்பிடியாவது தோண்டணும்னு இருந்துச்சி. மத்தவங்களுக்கு அப்பிடி இல்ல. அவ்ளோதாம்மா. வேற காரணம் ஒண்ணும் இல்ல."

தேவசுந்தரி இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. சாக்குச் சொல்வார், அழுவார் என்று நினைத்திருந்தார். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரியில் காலனியில் ஒரு சாவு. புதிதாகக் குழி வெட்ட ஆள் தேடினால் கிடைக்கவில்லை. பொக்லைன் கொண்டுவந்தார்கள். மேல்மண்ணை ஐந்து நிமிஷத்தில் அள்ளிவிட்டது. அதற்குப் பிறகு அதன் பற்கள் சுக்கான் மேல் சறுக்கிக்கொண்டே இருந்தன. ஒரு பக்கம் மூன்றடி, ஒரு பக்கம் நாலு, பக்கத்துக் கல்லறையின் சிலுவை வேறு விழுந்துவிட்டது. பிறகுதான் திருத்தணியில் டிராக்டர் கம்ப்ரஸர் வைத்துக் கிணற்று வேலை செய்யும் ஷரீப்பைக் கூப்பிட்டார்கள். ஷரீப் இறங்கிப் பார்த்தார். காற்று உளியை நாலு இடத்தில் வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் வெறும் ஓட்டைதான் விழுந்தது.

"இந்தக் கல்லு ஒரே பலகையா இருக்குது. எங்க விரிசல்னு தெரியாம அடிச்சா சாயங்காலம் வரைக்கும் தூள்தான் வரும்" என்றார் ஷரீப். "கம்பத்துக்குக் குழி எடுக்கற யோபு இந்த ஊருதானே? அவரு தட்டிப் பாத்தே சொல்லுவாரே. கூப்புடுங்க."

யாரும் நகரவில்லை. ஷரீப் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் போதகரே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் யோபுவை அழைத்து வந்தார்.

யோபு கடப்பாறை முனையால் தரையைத் தட்டிக்கொண்டே போய் மூன்று இடத்தில் சுண்ணாம்பால் குறி வைத்தார். ஷரீப் அங்கே உளியைப் போட்டார். சுக்கான் பலகை பலகையாகப் பெயர்ந்தது. இரண்டு மணி நேரத்தில் ஆறடி. செத்துப்போனவரின் மகன் கயிறு விட்டு அளந்து பார்த்தான். யோபுதான் அளக்கச் சொன்னார்.

வேலை முடிந்ததும் ஷரீப் மேற்கு ஓரத்து வாய்க்காலைப் பார்த்து, "இது இன்னாது?" என்றார். யோபு சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். ஷரீப் குழாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"கடப்பாறையால அறுபதடியா? நீ அறுக்கறதுக்குள்ள உனக்கே குழி வேணும் போலயே" என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன். குறி மட்டும் வெச்சி வை."

மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தார். மூன்றாவது வாரம் காலனி ஆட்கள் சிலரும் வந்து சில்லுகளைக் கூடையில் சுமந்தார்கள். வாய்க்கால் முழுக்கக் கருங்கல் ஜல்லி போட்டு மூடியாயிற்று.

அந்தக் கோடையில் யோபு சர்ச் கமிட்டியிடம் ஒன்று கேட்டார். சாவு விழுந்த பிறகு அவசரத்தில் வெட்டுவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அதனால் அடுத்த இடத்தில் முன்கூட்டியே ஒரு குழியை ஆறடிக்கு வெட்டி வைத்துவிடலாம் என்றார். கமிட்டியில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். "குழிய வெட்டி வெச்சிகினு யாருக்காக காத்துகினு இருப்பே?" என்றார் ஒருவர். வாயைத் திறந்துகொண்டு ஒரு குழி இருந்தால் ஊருக்கு ஆகாது என்றார்கள். தேவசுந்தரி கமிட்டியில் இல்லை. ஆனாலும் அன்றைக்குப் போயிருந்தார்.

"நான் அந்தக் குழியில எறங்கி நின்னு பாத்தவ" என்றார். "எனக்கு ஒண்ணும் ஆகல. வெட்டட்டும்."

யோபு குறி வைக்க, அவரும் ஷரீப்புமாக வெட்டினார்கள். யோபு வெட்டக் கூடாது என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. மேலே தகரம் போட்டுச் சுற்றிலும் முள் வைத்தார்கள். முதல் மாதமே ஒரு வெள்ளாடு முள்ளை மிதித்துத் தகரத்தோடு உள்ளே விழுந்துவிட்டது. இரண்டு மணி நேரம் கத்தியது. யோபு ஏணி போட்டு இறங்கி அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தக் குழியைப் பற்றிய பயம் காலனிக்குக் குறைந்துவிட்டது. ஆடு விழுந்த குழி என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

2023 டிசம்பர் புயலில் மறுபடி கொட்டித் தீர்த்தது. காலையில் யோபு தலையில் யூரியா சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். வெள்ளைத் தண்ணீர் சரிவில் இறங்கி ஜல்லிக்குள் போய்க்கொண்டிருந்தது. குமிழி குமிழியாகக் காற்று மேலே வந்தது. கல்லறைகளின் மேல் தண்ணீர் நிற்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றவர் பின்னால் கைத்தடி சத்தம் கேட்டுத் திரும்பினார். ஆசீர்வாதம் குடையோடு வந்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இரண்டு வருஷமாக அவர் யோபுவோடு பேசவில்லை.

"எறங்குதா?" என்றார்.

"எறங்குது மாமா."

இரண்டு பேரும் பார்த்தார்கள். பிறகு ஆசீர்வாதம் மேரிப்புஷ்பத்தின் கல்லறைப் பக்கம் தடியை நீட்டினார். "அவ மேல எத்தினி அடி மண்ணு கீது?"

"ரெண்டடி இருக்கும்."

"எனக்கு அவ பக்கத்துலதான் எடம். சொல்லி வெச்சிருக்கேன். உன் ஆடு விழுந்த குழி எனக்கு வேணாம். எனக்கு வெட்டும்போது ஆறடிக்கு எறக்கிடாத. அவ எந்த மட்டத்துல கீறாளோ அந்த மட்டத்துலயே வை. அவ மேல இருக்க நான் கீழ போயி இன்னா பண்ணப் போறேன்?"

யோபு தலையில் இருந்த சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டார். சாக்கிலிருந்து தண்ணீர் அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"அது முடியாது மாமா" என்றார். "கொறச்சி வெட்ட இனிமே என்னால ஆகாது. கமிட்டியில கேக்கறேன். நீங்க போறப்ப அத்தையையும் எடுத்து, ரெண்டு பேரையும் ஒண்ணா ஆறடியில வெக்கறேன்."

ஆசீர்வாதம் குடையைச் சாய்த்து அந்தக் கல்லறையைப் பார்த்தார். "அவளுக்கு குளுரு ஆகாது" என்றார். பிறகு, "கீழ மண்ணு எப்பிடி?" என்று கேட்டார்.

"மெத்துனு இருக்கும். காஞ்ச மண்ணு."

"சரி, அப்ப அப்பிடியே செய்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். வழுக்கும் என்று யோபு கூடப் போய் சாலை வரைக்கும் விட்டுவிட்டு வந்தார்.

பழைய கல்லறைகளைத் தொடக் கூடாது என்ற முடிவிலிருந்து மேரிப்புஷ்பத்துக்கு மட்டும் ஆசீர்வாதமே கமிட்டிக்குக் கடிதம் எழுதி விலக்கு வாங்கிக்கொண்டார். 2024 ஜூலையில், ஆடிக்கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பு, அவர் தூக்கத்திலேயே போனார். காவடிக் கூட்டத்தால் சாலையை அடைத்துவிட்டார்கள், ஷரீப்பின் டிராக்டர் வர முடியவில்லை. ஷரீப் காற்று உளியை விட்டுவிட்டு இரண்டு சம்மட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சந்து வழியாக வந்து சேர்ந்தார். யோபு போதகரிடம் இரண்டு நாள் கேட்டார். கொடுத்தார்கள். ஐஸ் பெட்டி வந்தது. மேரிப்புஷ்பத்தின் மேலிருந்த மண்ணை யோபு மண்வெட்டி போடாமல் கையாலேயே அள்ளினார். பெட்டியின் பலகை மக்கிப்போயிருந்தது. எஞ்சியிருந்ததைத் தேவசுந்தரி ஒரு வெள்ளைப் பருத்தித் துணியில் வாங்கிச் சுற்றினார். இரண்டாம் நாள் மதியம் அகலமான ஒரே குழி தயாராகிவிட்டது. ஆசீர்வாதத்தின் மகள் ஹேமாவதி பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். அளக்கும் கயிற்றை அவளிடம் கொடுத்து யோபு ஒதுங்கி நின்றார். ஆறே காலடி இருந்தது.